ஏழு கறி சமைத்த தெக்திகளில் கரியும் கருமையும்: எதைக் கொண்டு துலக்குவது?

தெற்குக்கரை மடைப்பள்ளி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மொரீசியசின் தெற்கே, சவான் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர்க் கோவிலின் மடைப்பள்ளிப் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. தைப்பூசக் காவடி முடிந்து, வாழையிலையில் சோறும் ஏழு கறியும் பரிமாறி, வந்தவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, கொல்லைப்புறத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கும் பாத்திரங்களின் முன்னால் நின்றால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரிவதில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்களிடம் இருப்பவற்றுள் பெரும்பாலானவை அலுமினியத் தெக்திகள். தமிழகத்தார் தேக்சா என்று சொல்வது இதைத்தான். மிகப் பெரியது 60 லிட்டர் கொள்ளும். சவுக்கு விறகில் வைப்பதால் வெளிப்புறம் முழுவதும் தடித்த கரி. அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. என் கவலை உட்புறத்தைப் பற்றியது. சென்ற ஆண்டு, உதவிக்கு வந்த ஒருவர், விரைவில் வேலை முடியும் என்று நல்லெண்ணத்தில், அடைப்பு நீக்கப் பயன்படும் காஸ்டிக் சோடாவை வெந்நீரில் கரைத்து இரண்டு தெக்திகளில் ஊற்றிவிட்டார். நீர் பொங்கி நுரைத்து, மூக்கை அரிக்கும் ஆவி எழுந்தது. அவசரமாகக் கொட்டிக் கழுவினோம். அன்றிலிருந்து அவற்றின் உட்புறம் சாம்பல் கலந்த கருநிறமாக இருக்கிறது; விரலால் தடவினால் விரல் நுனி பென்சில் தூள் பட்டதுபோல் கறுக்கிறது. எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் மறுநாள் தடவினால் அதே கருமை. இவற்றில் மீண்டும் சோறு வடிக்கலாமா என்பது என் முதற்கேள்வி.

இரண்டாவது, இந்த ஆண்டு ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று அடிப்பிடித்துவிட்டது. ஒரு விரற்கடை கனத்துக்குக் கருகிய படலம் இருக்கிறது. மூன்றாவது, வடை சுட்ட வாணலியின் விளிம்பில் பிசுபிசுப்பான பழுப்புப் பூச்சு. நான்காவது, கறி எடுத்துச் செல்லும் வெள்ளைப் பிளாஸ்டிக் வாளிகளில் மஞ்சள் கறை.

பாத்திரங்கள் பலவும் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்தவை. சிலவற்றின் விளிம்பில் கொடுத்தவரின் பாட்டனார் பெயர் உளியால் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் தேய்ந்து போகும்படி சுரண்ட எனக்கு மனமில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ரோஸ் ஹில் வேதியியல் ஆசிரியர் (பணி ஓய்வு) எழுதுகிறார்:

அம்மா, வணக்கம். தங்கள் கேள்வியை மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். விரலில் ஒட்டும் கருமையைக் குறிப்பிட்டது எனக்குப் பெரிதும் உதவியது. சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் துலக்குவதில் நாம் பெரும்பாலும் கறையை மட்டும் பார்க்கிறோம். கறைக்குக் கீழே இருக்கும் உலோகம் எது என்று முதலில் பார்க்க வேண்டும். புளிப்புப் பொருள்கள் ஒரு வகை; புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவை அதில் அடங்கும். காரப் பொருள்கள் மறு வகை; சோடா உப்பு, சலவைச் சோடா, அடுப்புச் சாம்பல், காஸ்டிக் சோடா ஆகியவை அதில் அடங்கும். உலோகத் துருவையும் சுண்ணாம்புப் படிவையும் புளிப்பு நீக்கும். எண்ணெய்ப் பிசுக்கையும் கருகிய உணவையும் காரம் இளக்கும். ஆனால் அலுமினியம் காரத்தைத் தாங்காது. இந்த ஒன்றை அறியாததால்தான் தங்கள் தெக்திகளுக்கு அந்த நிலை நேர்ந்தது.

அலுமினியத்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இயல்பாகவே உண்டு. அதுதான் அதன் கவசம். காஸ்டிக் சோடா அந்தக் கவசத்தைக் கரைத்து, அடியிலுள்ள உலோகத்தையும் கரைக்கத் தொடங்குகிறது. அப்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. தாங்கள் கண்ட நுரை அதுவே. மூக்கை அரித்தது, அந்தக் குமிழிகள் உடையும்போது காற்றில் தெறித்த காஸ்டிக் திவலைகள். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. பக்கத்தில் அடுப்பு எரியாமல் இருந்தது நல்லதாயிற்று. அலுமினியம் கரைந்து போக, பாத்திர உலோகத்தில் கலந்திருக்கும் இரும்பு, செம்பு, சிலிக்கன் போன்றவை கரையாமல் மேலே தூளாக எஞ்சி நிற்கும். தங்கள் விரலில் ஒட்டுவது அந்தத் தூள். சோப்பும் சிறிதளவு காரத்தன்மை உடையது என்பதால், அதைக் கொண்டு எத்தனை முறை கழுவினாலும் முழுப் பலன் கிடைக்காது.

இதற்கு மருந்து புளிப்பு. தெக்தியில் கருமை ஏறியிருக்கும் உயரத்துக்கு மேலே வரும்படி நீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் வெள்ளை வினிகர் சேர்த்து, 10 முதல் 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். 20 லிட்டர் நீருக்கு 600 மில்லி லிட்டர் வினிகர் ஆகும். வினிகருக்குச் செலவிட வேண்டாம் என்றால் புளியைக் கரைத்து ஊற்றலாம், எலுமிச்சைத் தோல்களையும் போடலாம். பிறகு அந்த நீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் மென்மையாகத் தேய்த்து, நல்ல நீரில் இருமுறை அலசி, உடனே துணியால் துடைத்து உலர்த்துங்கள். இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம். புளிப்பு நீரை இரவு முழுவதும் ஊற வைக்கக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் புளிப்பும் அலுமினியத்தை அரிக்கும்.

ஓர் இடைக்குறிப்பு. வெறும் நீரைக் கொதிக்க வைத்தே நாளடைவில் கறுக்கும் அலுமினியப் பாத்திரங்களும் உண்டு. அது அழுக்கன்று, தீங்கும் அன்று. விரலில் ஒட்டாத கருமையாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். அதே பாத்திரத்தில் ரசம் வைத்தால் உட்புறம் பளிச்சென்று ஆகிவிடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். துலக்கும் வேலையை அங்கே ரசம் செய்துவிட்டது. பாத்திரத்திலிருந்து போன கருமையும் சிறிதளவு அலுமினியமும் ரசத்தில்தான் இருக்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008ஆம் ஆண்டில், உணவு வழியாக உடலில் சேரும் அலுமினியத்துக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வகுத்தது. ஒரு நாள் விருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் ரசம், புளிக்கறி, தக்காளி மிகுந்த கறி ஆகியவற்றை அலுமினியத்தில் சமைப்பதையும், சமைத்தவற்றை மணிக்கணக்கில் அதிலேயே வைத்திருப்பதையும் தவிர்ப்பது நன்று. அவற்றுக்கு எவர்சில்வரை ஒதுக்குங்கள்.

சோறு வடிக்கலாமா என்று கேட்டீர்கள். கருமை நீங்கி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும் நிலை வந்த பிறகு வடிக்கலாம். அதற்கு முன்பு தெக்தியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்கேனும் தெரிந்தால், உலோகம் அந்த இடத்தில் அரித்துப் போயிற்று என்று பொருள். அந்தத் தெக்தியை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

கத்ர் போர்ன் வாசகர் எழுதுகிறார்:

இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் வீட்டில் எல்லாக் கறைக்கும் துணி வெளுக்கும் ஜாவெல் நீர்தான் (ப்ளீச்). பாயசப் பாத்திரத்தில் ஜாவெல் நீரை ஊற்றி, கூடவே ஆசிரியர் சொன்ன வினிகரையும் கலந்து ஓர் இரவு வைத்தால் இரண்டின் பலனும் ஒருங்கே கிடைக்கும் அல்லவா?

ரோஸ் ஹில் வேதியியல் ஆசிரியர் எழுதுகிறார்:

ஐயா, தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இதைப் படிப்பவர் எவரும் செய்ய வேண்டாம். ஜாவெல் நீருடன் வினிகர், எலுமிச்சை, புளி என எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய சமையலறையில் அது கண்ணையும் நுரையீரலையும் கடுமையாகத் தாக்கும். வேறு வேறு நேரத்தில் பயன்படுத்தினாலும், இடையில் பாத்திரத்தை நன்றாக அலசாவிட்டால் இதே ஆபத்து உண்டு. தனியாக ஊற்றினாலும் எவர்சில்வருக்கு ஜாவெல் நீர் பகைதான். எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது குரோமியம் ஆக்சைடு படலம். ஜாவெல் நீரிலுள்ள குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அந்தக் குழிகள் ஒருமுறை விழுந்தால் எதைக் கொண்டும் அடைக்க முடியாது. வெள்ளைத் துணி வெளுக்கவும் தரை கழுவவும் அது நல்ல பொருள். சமையற் பாத்திரத்தின் பக்கம் அதைக் கொண்டுவர வேண்டாம்.

கத்ர் போர்ன் வாசகர் எழுதுகிறார்:

நன்றி ஐயா. இது எனக்குத் தெரியாது. இன்றே வீட்டில் இரண்டு குப்பிகளையும் வெவ்வேறு அலமாரியில் வைத்துவிட்டேன்.

த்ரியோலே பாட்டி எழுதுகிறார்:

மகளே, நல்லா இரு. எழுபது வயதைக் கடந்துவிட்ட எனக்கு என் பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள். ஆசிரியர் ஐயா சொன்ன வேதியியல் எனக்குத் தெரியாது; ஆனால் கோவிந்தன் விரதத்துக்கும் காவடிக்கும் நாற்பது ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கியிருக்கிறேன்.

நீ வெளிப்புறக் கரியைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்குத்தான் முதலில் வழி சொல்கிறேன், ஏனென்றால் உன் நேரத்தில் பாதியை அதுவே தின்னும். கரியைத் தேய்த்து நீக்குவதைவிட, அது ஒட்டாமல் பார்த்துக்கொள்வது எளிது. தெக்தியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பு, துணி துவைக்கும் சோப்புக்கட்டியை நனைத்து, அடியிலும் பக்கத்திலும் வெளிப்புறம் முழுவதும் கெட்டியாகப் பூசிக் காய விடு. கஞ்சிப் பசைபோல் ஒரு பூச்சு நிற்க வேண்டும். கரி அந்தச் சோப்பின் மேல் படியுமே தவிர உலோகத்தைத் தொடாது. சமையல் முடிந்து ஆறியதும் நீர் ஊற்றினால் கரியும் சோப்பும் சேர்ந்து வழிந்து ஓடும். என் பாட்டி சோப்புக்குப் பதிலாகக் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுவாள். விறகு ஈரமாக இருந்தால் கரி மும்மடங்கு பிடிக்கும்; காவடிக்கு ஒரு மாதம் முன்பே சவுக்கு விறகை வாங்கிக் கூரையடியில் அடுக்கிவிடு.

ஏற்கெனவே படிந்துவிட்ட பழைய கரிக்கு, அலுமினியத்தின் வெளிப்புறத்தை மட்டும் இரும்புச் சுருணையால் சோப்பு நுரையோடு வட்டமாகத் தேய்க்கலாம். பெயர் பொறித்த விளிம்பில் சுருணையைக் கொண்டுபோகாதே. அங்கே பழைய பல்துலக்கியும் எலுமிச்சைத் துண்டும் போதும்.

இப்போது பிலிம்பி என்ற புளிப்புக் காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தீவில் எத்தனையோ வீட்டுக் கொல்லையில் பிலிம்பி மரம் நிற்கிறது. தண்டோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் காய்த்து, ஊறுகாய் போட்டது போக மீதி உதிர்ந்து அழுகுகிறது. உதிர்ந்ததைப் பொறுக்கி வை. பித்தளைக் குத்துவிளக்கு, மணி, செம்பு எல்லாவற்றுக்கும் அதைவிடச் சிறந்தது நான் கண்டதில்லை. காயை நீளவாக்கில் பிளந்து, வெட்டுவாயில் சிறிது உப்பைத் தொட்டு, விளக்கின் மேல் தேய்த்தால், பச்சைச் சாறு ஓடிய தடத்திலெல்லாம் பொன்னிறம் கிளம்பி வருவதை நீயே பார்ப்பாய். ஐந்து நிமிடத்துக்கு மேல் சாற்றை விடாதே. கழுவி, துடைத்து, வெயிலில் வை. ஈரத்தோடு விட்டால் மாலைக்குள் பச்சை பூத்துவிடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல்தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று என் தலைமுறையினர் பலர் சொல்வார்கள். மண்சட்டிக்கும் இரும்புக்கும் பித்தளைக்கும் அது நல்லதுதான். ஆனால் என் மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த அலுமினியத் தெக்தியை நான் சாம்பலால் தேய்த்துத் தேய்த்து, அது மங்கிப்போய், ஏன் என்று தெரியாமல் பல நாள் வருந்தினேன். ஆசிரியர் ஐயா எழுதியதை இன்று பேத்தி படித்துக் காட்டியபோதுதான் காரணம் விளங்கியது.

ரோஸ் ஹில் வேதியியல் ஆசிரியர் எழுதுகிறார்:

பாட்டிக்கு என் பணிவான வணக்கம். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. நீர் பட்டதும் அது காரமாகிவிடும். அக்காரம் எண்ணெயோடு சேர்ந்து சோப்புப்போல ஆவதால்தான் எண்ணெய் பட்ட பித்தளையும் இரும்பும் சாம்பலில் அவ்வளவு எளிதாகச் சுத்தமாகின்றன. அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறையே 1886ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சாம்பலால் துலக்கும் வழக்கமோ அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தது. அது உருவான காலத்தில் இந்த உலோகம் எந்தச் சமையலறையிலும் இல்லை. ஆகவே தவறு பாட்டியுடையது அன்று.

பிலிம்பியில் ஆக்சாலிக் அமிலம் மிகுதியாக உண்டு. உலோகம் துலக்குவதற்காகக் கடைகளில் விற்கும் சில வெளிநாட்டுத் தூள்களின் மூலப்பொருளும் அதே அமிலம்தான். பணம் கொடுத்து வாங்கும் பொருள் நம் கொல்லையில் உதிர்ந்து கிடக்கிறது என்பதைப் பாட்டி சொன்னபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

கிராண்ட் பே சமையற்காரர் எழுதுகிறார்:

அக்கா, வணக்கம். நான் விடுதிச் சமையலறையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பாயசப் பாத்திரத்தை என்னிடம் விடுங்கள்.

அடிப்பிடித்த பாத்திரத்தைச் சூட்டோடு குளிர்ந்த நீரில் வைக்காதீர்கள்; அடித்தட்டு வளைந்துவிடும். ஆறிய பிறகு, கருகல் மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா உப்பு போட்டு, சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்கும்போதே மரக்கரண்டியின் தட்டையான நுனியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். பால், சர்க்கரை, ஜவ்வரிசி மூன்றும் சேர்ந்து கருகினால் ஓடுபோல் ஆகிவிடும். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்ததும் அதன் அடியில் நீர் புகுந்து மீதியைத் தூக்கிவிடும். ஒரே முறையில் போகாது. நீரை மாற்றி மீண்டும் கொதிக்க வையுங்கள். கடைசியில் எஞ்சும் பழுப்புத் திட்டுகளின் மேல், சோடா உப்பைச் சில துளி நீரில் குழைத்துப் பசையாக அப்பி, இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் தேய்த்தால் போதும்.

இது எவர்சில்வருக்கு மட்டும். கொதிக்கும்போது சோடா உப்பு சலவைச் சோடாவாக மாறி இன்னும் கடுமையான காரமாகிறது என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே அலுமினியத் தெக்தி அடிப்பிடித்தால் வெறும் நீரும் சிறிது சோப்பும் ஊற்றிக் கொதிக்க வைத்து, மரக்கரண்டியால் மட்டும் எடுங்கள்.

எவர்சில்வரில் இரும்புச் சுருணையைப் பயன்படுத்தாதீர்கள். சுருணையிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற இரும்புத் துணுக்குகள் கீறல்களில் சிக்கித் துருப்பிடிக்கும். பிறகு எவர்சில்வரே துருப்பிடித்துவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். சூடு மிகுந்து வானவில் நிறத்தில் நீலமும் ஊதாவுமாகத் தெரிந்தால், துணியில் வினிகர் நனைத்து ஒரு முறை துடைத்தால் மறைந்துவிடும். உப்பை எப்போதும் நீர் கொதித்த பிறகே போடுங்கள். குளிர்ந்த நீரில் போட்டால் கல் உப்பு அடியில் தங்கி, அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளியாகக் குழி விழும். விடுதியில் புதிதாக வருபவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

வடை வாணலி என்ன உலோகம் என்று நீங்கள் எழுதவில்லை. இரும்பு என்றால், உட்புறம் கறுப்பாக வழவழப்பாக இருப்பது கறையன்று. எண்ணெய் சூட்டில் இறுகிப் படிந்த பூச்சு. அதுதான் வடை ஒட்டாமல் காக்கிறது. அதைத் தொடாதீர்கள். விளிம்பிலும் வெளியிலும் பிசுபிசுக்கும் பழுப்பு, முழுவதும் இறுகாமல் நின்ற எண்ணெய்; அதை மட்டும் சோடா உப்புப் பசையால் எடுத்து, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, ஒரு துளி எண்ணெய் தடவி வையுங்கள். இரும்பில் புளியும் வேண்டாம், நீரில் ஊற வைப்பதும் வேண்டாம்.

மஞ்சள் வாளிக்கு வெயில் போதும். மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதையும். சோப்புப் போட்டதும் கறை சிவந்தால் அஞ்ச வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பதுபோலத்தான் அது. நன்றாக அலசி, உட்புறம் சூரியனைப் பார்க்கும்படி இரண்டு மூன்று நாள் சாய்த்து வையுங்கள்.

தெற்குக்கரை மடைப்பள்ளி எழுதுகிறார்:

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து கோவிலில் வேலையைத் தொடங்கினோம். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் வெயிலில் தூக்கிப் பார்த்தோம். பெரிய தெக்தியில் துளை ஏதும் தெரியவில்லை. இரண்டாவதின் அடியில், காஸ்டிக் சோடா அதிக நேரம் தேங்கி நின்ற மூலையில், மூன்று இடங்களில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தோம்.

பெரிய தெக்தியில் 20 லிட்டர் நீர் ஊற்றி, அரைக் கிலோ பழம்புளியைக் கரைத்துச் சேர்த்து, பாட்டி சொன்னபடி வெளிப்புறம் சோப்புப் பூசி அடுப்பில் ஏற்றினோம். கொதி வந்து சிறிது நேரத்தில் நீரின் நிறம் மாறத் தொடங்கியது. பால் கலக்காத காப்பிபோல் ஆகி, பிறகு அதில் சாம்பல் நிறம் கலந்தது. 15 நிமிடத்தில் இறக்கிக் கொட்டியபோது, நீர் நின்ற உயரம் வரைக்கும் உட்புறம் வெண்மை, அதற்கு மேலே பழைய கருமை என்று கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. கருமை இருந்த உயரத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். இரண்டாம் முறை 35 லிட்டர் நீரும் அதற்கேற்ற வினிகரும் ஊற்றினோம். மூன்றாம் முறைக்குப் பிறகு தேங்காய் நாரால் தேய்த்து அலசி, பழைய வெள்ளை வேட்டித் துண்டால் உட்புறத்தைச் சுற்றித் துடைத்தேன். துண்டு வெள்ளையாகவே வந்தது. இதைத்தான் ஓராண்டாகக் காண விரும்பினேன்.

வெளிப்புறச் சோப்புப் பூச்சு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. ஒரே ஓர் இடத்தில், பூச்சு மெல்லியதாக இருந்த கைப்பிடியின் அடியில், கரி ஒட்டியிருந்தது.

பாயசப் பாத்திரத்துக்கு மூன்று கொதி தேவைப்பட்டது. இரண்டாம் கொதியில் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓடுபோல் பெயர்ந்தது. பிறகு விரைவாகப் போயிற்று. அடியில் ஒரு மங்கலான வட்டம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பசை அப்பி வைத்திருக்கிறேன். வாணலி இரும்புதான். விளிம்பை மட்டும் எடுத்தோம். வாளிகள் கோவில் மதிற்சுவரின் மேல் வெயிலில் சாய்ந்து நிற்கின்றன. முதல் நாளிலேயே நிறம் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரு கேள்வி மிச்சம். துளை விழுந்த தெக்தியின் விளிம்பிலும் ஒரு பெயர் இருக்கிறது. 1962 என்ற ஆண்டும் பொறித்திருக்கிறது. பழைய உலோகத்துக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டை அடைப்பவரிடம் கொடுத்து மீண்டும் சமைக்கலாமா?

ரோஸ் ஹில் வேதியியல் ஆசிரியர் எழுதுகிறார்:

அம்மா, சமைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் துளை மூன்று என்றால், அவற்றைச் சுற்றிலும் உலோகம் காகிதம்போல் மெலிந்திருக்கும். தெக்தி நிறைந்த கொதிநீரின் கனத்தைத் தீயின் மேல் அது தாங்கும் என்று நம்பி அருகில் ஆட்களை நிறுத்த முடியாது. ஒட்டுவதற்கு எந்த உலோகத்தைப் பயன்படுத்துவார்கள் என்பதும் நம் கையில் இல்லை. அதில் காரீயம் கலந்திருந்தால் உணவுக்கு ஆகாது. புளிநீரில் அதையும் ஒருமுறை கொதிக்க வைக்கவும் வேண்டாம். துணியில் வினிகர் தொட்டுத் துடைத்துக் கழுவி உலர்த்தி, உலர்ந்த பொருள் வைக்கப் பயன்படுத்துங்கள்.

த்ரியோலே பாட்டி எழுதுகிறார்:

மகளே, எங்கள் கோவிலிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதில் வாழையிலைக் கட்டுகளை நிற்க வைப்போம். ஓட்டை வழியாக நீர் வடிந்துவிடுவதால் இலை அழுகாது. பெயர் இருக்கும் பக்கம் வாசலைப் பார்க்கும்படி வை.

தெற்குக்கரை மடைப்பள்ளி எழுதுகிறார்:

அப்படியே செய்கிறேன், பாட்டி. அலுமினியம் எல்லாவற்றின் கைப்பிடியிலும் சிவப்பு நூல் கட்டி, சோடாவும் சாம்பலும் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். காஸ்டிக் சோடா டப்பாவை மடைப்பள்ளியிலிருந்து எடுத்து, தோட்டக் கருவிகள் இருக்கும் அறையில் பூட்டி வைத்தாயிற்று.